எழுபத்துநாலு கையெழுத்து

ஜூன் 18

அன்புள்ள அக்காவுக்கு,

வாலு எழுதறேன். கையெழுத்தப் பாத்ததும் திட்டாதீங்க, பஸ்ல உக்காந்து மடியில வச்சு எழுதறேன். உலகமே உக்காந்த இடத்துல இருந்து மெசேஜ் தட்டி விடுது. நீங்க மட்டும் "போன்ல சொன்னது சொன்னதோட போச்சு, காகிதத்துல எழுது"ன்னு அடம் பிடிக்கறீங்க. உங்களுக்காக ஸ்டாம்ப் வாங்கப் போனா, தபால் ஆபீஸ்காரர் என்னை ஏற இறங்கப் பாக்கறார்.

புது வேலை பரவாயில்லக்கா. நம்ம குடிநீர் வாரிய லேப்ல ஒன்பது வருஷம் குழாய்த் தண்ணியில குளோரின் பாத்தேன். இங்க ஆஸ்பத்திரி லேப்ல ரத்தம் பாக்கறேன். கலர்தான் மாறியிருக்கு. சேம்பிள் லேட்டா வர்றதும், ரிசல்ட் ஏன் லேட்டுன்னு நம்மளையே கேக்கறதும் அப்படியே இருக்கு.

விஷயத்துக்கு வரேன். சேந்த அன்னிக்கே ஒரு படிவம் குடுத்தாங்க. வாரியத்து சர்வீஸை இந்த சர்வீஸோட சேக்கறீங்களா, தனியா விடறீங்களான்னு கேக்குது. ஒரு வருஷம் டைம். மே 2 சேந்தேன், அடுத்த மே 1 கடைசி. அதுக்கப்புறம் தலைகீழா நின்னாலும் மாத்த முடியாதாம்.

இதுக்காக ஒருத்தரப் பிடிச்சிருக்கேன். வழுக்கைத் தலை, வெள்ளை போர்டு, கையில ஒரு மார்க்கர். ஆன்லைன்ல பென்ஷன் பத்தி மட்டுமே பேசறார். நான் அவருக்கு பென்ஷன் மாமான்னு பேர் வச்சுட்டேன். நாப்பத்தாறு வீடியோவும் பாத்தாச்சு, சிலத ரெண்டு தடவ. குட்டி கேக்கறா, "அம்மா, இவரு ஹீரோவா?" ஆமாடின்னுட்டேன். எட்டு வயசுல அவளுக்கே இப்ப "கடைசிச் சம்பளம்"னா என்னன்னு தெரியும்.

மாமா சொல்றது இதுதான். தனியா விட்டா, அந்த ஒன்பது வருஷமும் பழைய சம்பளக் கணக்குலயே உறைஞ்சு கிடக்கும், அறுபது வயசுலதான் கைக்கு வரும். சேத்தா, கடைசியா வாங்கற சம்பளத்துல மொத்த வருஷத்தையும் கணக்கு போடுவாங்க. ஆனா சேக்கும்போது பழைய ஆபீஸ் வருகைப் பதிவேடு எல்லாத்தையும் வரவழைச்சு சரி பாப்பாங்களாம். பாக்கட்டும். நம்ம பதிவேடு சுத்தம். உங்க கையெழுத்து உங்கள விட எனக்கு நல்லா வரும்ங்கறத யாரு கண்டா.

வாரியத்துல எல்லார் சர்வீஸ் புத்தகமும் உங்க கையிலதான் இருக்கு. மாமா என்ன சொன்னாலும் நீங்க சொன்னாதான் செய்வேன். என்ன பண்ணட்டும்?

உங்க வாலு


ஜூலை 1

என் வாலுக்கு அக்கா எழுதுவது.

கடிதம் கிடைத்தது. உன் கடைசிப் பத்தியில் பதிவேட்டைப் பற்றி எழுதியிருந்தாயே, அந்த இரண்டு வரியைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துவிட்டேன். அந்தப் பேச்சு இனிமேல் காகிதத்தில் வேண்டாம். கோபமில்லை, சும்மா சொல்கிறேன்.

உன் இடத்துக்கு வந்த பெண் குளோரின் பாட்டிலுக்குப் பக்கத்தில் டிபன் டப்பாவை வைத்துத் தின்கிறது. சொன்னால், "வயித்துக்குள்ள கிருமி சாகட்டும் மேடம்" என்கிறது. என் பையன் மாதத்துக்கு ஒரு தடவை பேசுகிறான். போன் ஒன்று வாங்கி அனுப்பினான், பெட்டியைப் பிரிக்கவில்லை. பிரித்தால் வீடியோவில் அவன் முகத்தைப் பார்க்கலாமாம். அவன் நேரில் வந்தாலும் பார்க்கலாம்.

எனக்கு இன்னும் பதினாறு மாதம். அடுத்த வருஷம் அக்டோபர் கடைசியோடு ஓய்வு.

படிவ விஷயம். அவசரப்படாதே, ஒரு வருஷம் என்பது நிறைய நாள். உன் மாமாவுக்கு உன் சம்பளச் சீட்டைப் பற்றி என்ன தெரியும்? நான் நிதானமாகப் பார்த்துச் சொல்கிறேன். ஒன்று மட்டும் செய். படிவத்தை நேராக ஆஸ்பத்திரி ஆபீஸில் கொடுத்துவிடாதே. பழைய ஆபீஸ் வழியாகவும் அனுப்பலாம் என்று விதி இருக்கிறது. கையெழுத்துப் போட்டு என் பேருக்கு அனுப்பு. சேவைச் சான்றையும் இணைத்து நானே அனுப்பிவைக்கிறேன். உனக்கு அலைச்சல் மிச்சம்.

குட்டியைக் கேட்டதாகச் சொல். எழுதும்போது மேசையில் வைத்து எழுது.

அன்புடன்
அக்கா


ஜூலை 25

அக்காவுக்கு,

முடிவு பண்ணிட்டேன், சேக்கறேன். மாமாவோட குழுவுல ரெண்டாயிரம் பேர் இருக்காங்க, அதுல பதினோரு பேர் உக்காந்து என் கணக்க போட்டுக் குடுத்தாங்க. ஒரு ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர் மட்டும் கடைசி வரைக்கும் ஒத்துக்கல. அவர் எதையும் ஒத்துக்க மாட்டார், நேத்து இன்னொருத்தரோட மழை பெய்யுதா இல்லையான்னு சண்டை போட்டார்.

படிவம் இதோட வருது. நாலு இடத்துல கையெழுத்து. மூணாவது கொஞ்சம் கோணிடுச்சு. ஃபேன் காத்துல பேப்பர் ஆடிச்சு.

எழுதாதேன்னீங்க, சரி. ஆனா உங்க கடிதத்துல ஏதோ பயம் தெரிஞ்சது, அதனால இந்த ஒரு தடவ மட்டும். அந்த எழுபத்துநாலு நாள நான் ஒரு நாளும் பாரமா நினைக்கலக்கா. உங்க பையன் ஆக்சிடென்ட்டாகி வேற ஊர்ல ஐசியூல கிடந்தான். உங்களுக்கு ஒரு நாள் லீவு கூட மிச்சமில்ல. நீங்க என்ன பண்ணுவீங்க? காலைல வந்து என் பேருக்கு நேர ஒண்ணு, உங்க பேருக்கு நேர ஒண்ணு. அவ்வளவுதான். அதுக்கு முன்னாடி ஒரு வாரம் பழைய நோட்டுல போட்டுப் பழகினேன். கடைசி எழுத்துல ஒரு வால் இழுப்பீங்களே, அதுதான் கஷ்டமா இருந்துச்சு. அந்த வாலப் பாத்துதான் எனக்கு வாலுன்னு பேரே வச்சீங்க.

சரி, இதையும் கத்தரிச்சுடுங்க.

உங்க வாலு


ஆகஸ்ட் 6

என் வாலுக்கு,

உன் விருப்பப் படிவம் ஜூலை 29 அன்று என் கைக்கு வந்து சேர்ந்தது. நான்கு கையெழுத்தும் இருக்கிறது. பத்திரமாக வைத்திருக்கிறேன். சூப்பரண்டு விடுப்பில் போயிருக்கிறார், வந்ததும் மேலே போகும். நீ அதை மறந்துவிட்டு வேலையைப் பார்.

ஆனால் உன் எழுத்துக்கு என்ன ஆயிற்று? முத்து முத்தாக எழுதுவாய். பாட்டிலில் நீ ஒட்டும் லேபிளைப் பார்த்து, அச்சடித்ததா என்று கேட்டவர்கள் உண்டு. இப்போது கோழி கிளறியது மாதிரி இருக்கிறது. நாள் முழுக்க போனைத் தட்டினால் இப்படித்தான்.

முட்டி வலி அப்படியே இருக்கிறது. லிப்ட் இன்னும் ரிப்பேர்.

அன்புடன்
அக்கா


நவம்பர் 12

அக்காவுக்கு,

மூணு மாசமா நீங்க எழுதல, நானும் எழுதல. கணக்கு சரியாப் போச்சு.

படிவம் போயிடுச்சான்னு கேக்கத்தான் எழுதறேன். அனுப்பின நம்பரும் தேதியும் ஒரு துண்டுச் சீட்டுல எழுதிப் போடுங்க, போதும்.

இங்க என்னை ரத்தம் எடுக்கற மேசையில இருந்து மாத்தி ரிஜிஸ்டர்ல உக்கார வச்சுட்டாங்க. நானாத்தான் கேட்டேன். ஊசி குத்தற வேலை அலுத்துப் போச்சு. போன வாரம் டீ கப்பு ரெண்டு உடைச்சேன், பக்கத்து சீட்டு அண்ணன் எனக்கு ஸ்டீல் டம்ளர் வாங்கிக் குடுத்து, "இத உடைச்சுக் காட்டு பாக்கலாம்"னு பந்தயம் கட்டியிருக்கார்.

இன்னொண்ணு. வாரியத்துல எனக்கு ஒன்பது வருஷம் ரெண்டு மாசம். இங்க மார்ச்சோட பத்து மாசத்துக்கு மேல ஆயிடும். சேத்தா பத்து வருஷம் தாண்டிடும். பத்து தாண்டினா, உடம்பு முடியாம வேலைய விட்டாலும் அடுத்த மாசத்துல இருந்தே பென்ஷன் உண்டு. எனக்கு ஏதாவது ஆனா குட்டிக்கு உண்டு. சேக்கலன்னா இங்க வெறும் ஒரு வருஷ ஆளு, ஒண்ணுமே கிடையாது. மாமாவோட பத்தொன்பதாவது வீடியோ. சும்மா தெரிஞ்சு வச்சுக்கத்தான் பாத்தேன்.

வாலு


டிசம்பர் 2

என் வாலுக்கு,

கோபமாக எழுதியிருக்கிறாய் போலிருக்கிறது. இங்கே வருஷக் கடைசி. ஆபீஸில் பேப்பர் மலை, நடுவில் நான்.

உன் விஷயத்தை நிறைய யோசித்தேன். நான் சொல்வதைப் பொறுமையாகக் கேள். சேர்க்கவே வேண்டாம் என்று தோன்றுகிறது. தனியாக விட்டால் ஒரு பென்ஷன் அறுபதில், இன்னொன்று அங்கே ஓய்வு பெறும்போது. இரண்டு கையில் இரண்டு காசு. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொண்டுபோய் ஏன் கொட்ட வேண்டும்? உனக்கு முப்பத்துநாலு வயது. உடம்பு முடியாமல் போவதைப் பற்றியெல்லாம் இந்த வயதில் யாராவது படிப்பார்களா? அந்த வழுக்கைத் தலையர் உன்னைப் பயமுறுத்தி வைத்திருக்கிறார்.

தனியாக விடு. அக்கா சொன்னால் கேட்பாய் என்று நினைக்கிறேன்.

அன்புடன்
அக்கா


பிப்ரவரி 3

அக்கா,

உங்க கிட்ட பொய் சொன்னேன். பஸ்ஸும் இல்ல, ஃபேன் காத்தும் இல்ல. வலது கை நடுங்குது. வாரியத்துல கடைசி வருஷமே லேசா ஆரம்பிச்சுடுச்சு, பைப்பெட்ட பிடிச்சா துளி அங்க இங்க விழும். டீ அதிகம் குடிக்கறேன்னு நினைச்சேன். இங்க வந்து ரெண்டு டாக்டர் பாத்தாங்க, மூணாவது ஒருத்தர் நோயோட பேரச் சொன்னார். நரம்புல வர்றது. போகாது. மெதுவா ஏறும். "அஞ்சு வருஷம் வேலை பாக்கலாம், ரெண்டு வருஷமாவும் இருக்கலாம்"னார். லேப்ல வேலை பாக்கறவளுக்குக் கைதான எல்லாம்.

ஆபீஸ்ல ஸ்டீல் டம்ளர் அண்ணனத் தவிர யாருக்கும் தெரியாது. குட்டிக்குத் தெரியும்னு நினைக்கறேன், ஒண்ணும் கேக்காம பாட்டில் மூடிய அவளே திறந்து வைக்கறா. அவ அப்பா, அவ பொறந்தநாளுக்கு ஒரு வாழ்த்து அனுப்பறதோட சரி. எனக்கும் குட்டிக்கும் இந்தப் பத்து வருஷத்த விட்டா வேற ஒண்ணும் இல்ல.

அதனால தனியா விட முடியாதுக்கா. வெக்கத்த விட்டுக் கேக்கறேன், படிவத்த அனுப்பிட்டீங்களா? இல்லன்னா சொல்லிடுங்க, இங்கயே இன்னொண்ணு எழுதிக் குடுத்துடறேன். இன்னும் மூணு மாசம் இருக்கு.

இந்த ஒரு பக்கம் எழுத ஒரு மணி நேரம் ஆச்சு.

வாலு


பிப்ரவரி 16

என் கண்ணே,

படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. கோழி கிளறியது என்று எழுதினேனே, என் கையில் அல்லவா நெருப்பை வைக்க வேண்டும்.

படிவம் பிப்ரவரி 14 அன்று போய்விட்டது. நீ இன்னொன்று எழுத வேண்டாம், இரண்டு போனால் குழப்பம். தடியான பேனா ஒன்று இதோடு அனுப்பியிருக்கிறேன். பிடிக்க வசதியாக இருக்கும்.

தைரியமாக இரு. அக்கா இருக்கிறேன்.

அக்கா


மே 9

அக்காவுக்கு,

இங்க பென்ஷன் செக்ஷன்ல கூப்பிட்டு, "உங்க விருப்பம் எதுவும் வரல, மே 1 முடிஞ்சு போச்சு, தனியாவே விட்டாச்சு"ன்னாங்க. தப்பா பாக்கறீங்கன்னு சொல்லிச் சிரிச்சேன். நம்ம சூப்பரண்டுக்கே போன் போட்டேன். வந்த பதிவேடு, போன பதிவேடு ரெண்டும் பாத்துட்டு, அப்படி ஒரு படிவமே இந்த ஆபீஸ்ல இல்லம்மாங்கறார்.

எங்க இருக்குக்கா அது?

வாலு


மே 21

வாலு,

அது என் மேசையின் இரண்டாவது இழுப்பறையில் இருந்தது. முதல் நாளிலிருந்து அங்கேதான் இருந்தது. இதோடு வைத்திருக்கிறேன்.

நீ சேர்த்தால் ஒன்பது வருஷப் பதிவேடும் மேலே போகும். உன் பேருக்கு அடுத்த வரி என்னுடையது. எழுபத்துநாலு நாள், பக்கத்துப் பக்கத்தில், ஒரே பேனா, ஒரே கை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிற ஆட்கள் அவர்கள். கண்டுபிடித்தால் முப்பத்திரண்டு வருஷ வேலை போச்சு, பென்ஷன் போச்சு. பையன் பார்த்துக்கொள்வான் என்று சொல்வாய். அவன் போன்தான் அனுப்புவான்.

முதலில் நீ தனியாக விட்டாலும் பெரிய நஷ்டமில்லை என்று என்னையே நம்பவைத்துக்கொண்டேன். உன் பிப்ரவரிக் கடிதம் வந்த அன்றைக்கு, சாயங்காலமே அனுப்பிவிடுவது என்று முடிவு செய்துவிட்டுத்தான், முந்தின தேதியைச் சொல்லி உனக்கு எழுதினேன். மறுநாள் இழுப்பறையைத் திறந்தேன், பூட்டினேன். அதற்கு மறுநாளும். தினமும் திறந்தேன், வாலு. நம்ப மாட்டாய்.

என் பையனுக்காக நீ செய்தாய். உன் மகளுக்கு நான் இதைச் செய்தேன். எழுதும்போதே வாய் கசக்கிறது. எனக்குப் பென்ஷன் வந்ததும் மாதா மாதம் பாதியை அனுப்புகிறேன், சத்தியமாக. ஒரு வார்த்தை எழுது. திட்டியாவது எழுது.

அக்கா


ஜூன் 10

குடிநீர் வாரியம், சேவைப் பதிவேட்டு எழுத்தர் அவர்களுக்கு,

இது டைப் பண்ணினது. எழுத வரல.

மே 1 முடிஞ்ச பிறகும் ஒரு வழி இருக்கு. ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர்தான் கண்டுபிடிச்சுக் குடுத்தார், யாரோடயும் ஒத்துப்போகாதவர். விதியில ஒரு வரி இருக்கு. படிவம் பழைய ஆபீஸ் கைக்கு எப்ப வந்துச்சோ, அதுதான் தேதி. அங்க தாமதமானா ஊழியர் பொறுப்பில்ல. ஆனா வந்து சேந்ததுக்கு எழுத்துல அத்தாட்சி வேணும்.

என்கிட்ட இருக்கு. "உன் விருப்பப் படிவம் ஜூலை 29 அன்று என் கைக்கு வந்து சேர்ந்தது." போன்ல சொல்லியிருந்தீங்கன்னா சொன்னதோட போயிருக்கும்.

அந்த ஆகஸ்ட் 6 கடிதத்தையும், 14ஆம் தேதி அனுப்பினதா எழுதின பிப்ரவரி கடிதத்தையும் படிவத்தோட இணைச்சு, நேத்து நேர்ல குடுத்து முத்திரை வாங்கிட்டேன். உங்கள விசாரிப்பாங்க. விசாரணை முடியற வரைக்கும் ஓய்வூதியத்த நிறுத்தி வைப்பாங்க. முப்பத்தோராவது வீடியோ. அப்புறம் ஏதாவது பிடிச்சுக்கிட்டு மிச்சத்தக் குடுப்பாங்க. எனக்குப் பாதி அனுப்ப வேண்டாம்.

உங்க மே 21 கடிதத்த இணைக்கல. கிழிச்சுட்டேன். இரக்கம்னு நினைச்சுக்காதீங்க. அதுல உங்க கையெழுத்து மட்டும் இல்ல, என் கையும் இருக்கு. அது வெளிய வந்தா குட்டிக்கு ஒண்ணும் இல்லாம போயிடும்.

பதிவேடு மேல போகும். பாக்கட்டும். பூதக்கண்ணாடின்னு எழுதியிருந்தீங்க. ஒரே பேனான்னு எழுதியிருந்தீங்க. ஒரே பேனா இல்ல. உங்களுக்கு நீலம், எனக்கு கறுப்பு, ரெண்டு பேனா வச்சிருந்தேன். திங்கக்கிழமை நீங்க அவசரமா வருவீங்க, அன்னிக்கு வால் குட்டையா இருக்கும். அதையும் குட்டையாத்தான் இழுத்தேன். சம்பள நாள்ல நீங்க நிதானமாப் போடுவீங்க, நானும் நிதானமாப் போட்டேன். அத எவனாலயும் கண்டுபிடிக்க முடியாது. நாம சேந்து வேலை பாத்த காலத்துல நான் சரியாச் செஞ்ச வேலை அது ஒண்ணுதான், அத நீங்க ஒரு தடவ எடுத்துப் பாத்திருக்கலாம். பதிவேடு உங்க பீரோவுலதான் இருக்கு.

முந்தாநாள் ராத்திரி சும்மா ஒரு பேப்பர்ல உங்க கையெழுத்தப் போட்டுப் பாத்தேன். வால் வரல. அப்புறம் என்னோடத போட்டேன். அதுவும் வரல. படிவத்தோட முகப்புக் கடிதத்துல கட்டை விரல் வச்சுத்தான் குடுத்தேன்.

பேனாவத் திருப்பி அனுப்பியிருக்கேன். பதில் எழுத வேண்டாம். இனிமே நீங்க எழுதறது எதுவானாலும் நான் ஃபைல்ல வைக்க வேண்டி வரும்.

முன்னாள் ஊழியர்,
தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம்